நர்சிங்கில் தலைமை: கோட்பாடுகளும் வார்டு நடைமுறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டிலும் ஐ.சி.யூ.விலும் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங்கில் மேலாண்மைக்கும் தலைமைக்கும் தனித் தாளே இருக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, வார்டு இன்சார்ஜ் (பொறுப்பு நர்ஸ்) ஆகி முதல் முறை ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) போட உட்காரும்போது திணறிப்போய் எனக்கு போன் செய்கிறார்கள். அவர்கள் கேட்டதையும், வகுப்பில் மாணவிகள் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸ்தான். தலைமைக் கோட்பாடெல்லாம் இன்சார்ஜ் சிஸ்டருக்குத்தானே?

ராத்திரி இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் நீங்கள், உங்களுக்கு ஜூனியர் ஒருவர், ஓர் ஆயா, மூன்று பேர்தான். ஏழாம் பெட் நோயாளிக்கு பி.பி. இறங்குகிறது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஜூனியரை நோயாளியின் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். ஆயாவை ஆக்ஸிஜன் சிலிண்டர் எடுத்துவர அனுப்ப வேண்டும். பதறி நிற்கும் மகனை வெளியே உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். மிச்சமுள்ள நோயாளிகளை யார் பார்ப்பது என்றும் சொல்ல வேண்டும். அந்த இருபது நிமிடமும் அந்த வார்டுக்குத் தலைவர் நீங்கள்தான். இன்சார்ஜ் சிஸ்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

பதவி அதிகாரத்தைத் தருகிறது. நாலு பேரை ஒரே காரியத்தை நோக்கி நகர்த்துவது தலைமை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் வார்டுக்கு அதிர்ஷ்டம்.

தலைமையும் நிர்வாகமும் ஒன்றா?

மருந்து இன்டென்ட் (கேட்புச் சீட்டு), லினன் கணக்கு, ரோஸ்டர், ரிஜிஸ்டர் இவையெல்லாம் நிர்வாகம். வேலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டி ஆட்களைக் கூட அழைத்துப் போவது தலைமை. பாடத்தில் இப்படிப் பிரித்துச் சொல்வதைக் கேட்டுச் சிலர் நிர்வாகத்தைக் குமாஸ்தா வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சக்‌ஷன் மெஷின் வேலை செய்யாத வார்டில் எந்த ஊக்கப் பேச்சும் உதவாது.

நல்ல தலைமைக்கு ஒரே ஓர் அளவுகோல் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

நீங்கள் இல்லாதபோது வார்டு எப்படி நடக்கிறது என்பதுதான் என் அளவுகோல். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலில் சில்லறை நிர்வாகம் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. நீங்கள் இருக்கும்போது செய்வது நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால், நல்ல பராமரிப்பின் பலனெல்லாம் வீணாகிவிடும் என்கிறார். இன்று ஷிஃப்ட் மாறும்போது செய்யும் ஹேண்ட்ஓவர், பராமரிப்புத் திட்டம், செக்லிஸ்ட் எல்லாமே அந்த ஒரு கவலையிலிருந்து முளைத்தவை என்றே எனக்குத் தோன்றும்.

80 வருடம் கழித்து, மருத்துவமனைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் அதையே சோதித்துப் பார்த்தார்கள். உளவியலாளர்கள் கர்ட் லூயின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து கட்டளை போட்டார். இன்னொருவர் பையன்களோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாமவர் ஒதுங்கி நின்றார். 1939ல் வெளிவந்த இந்த ஆய்விலிருந்துதான் அதிகாரப் பாணி, ஜனநாயகப் பாணி, தலையிடாப் பாணி என்ற மூன்றும் நம் பாடத்துக்கு வந்தன.

தலைவர் அறையில் இருந்தவரை அதிகாரக் குழுவில் வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. ஜனநாயகக் குழு, தலைவர் போன பிறகும் ஏறக்குறைய அதே வேகத்தில் வேலை செய்தது. மூன்று பாணிகளின் பெயரை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள், இதை மட்டும் யாரும் நினைவில் வைப்பதில்லை. நைட் டூட்டியில் இன்சார்ஜ் இருப்பதில்லையே, நமக்கு வேண்டிய செய்தி இதுதான்!

அப்படியானால் அதிகாரப் பாணி எப்போதுமே தவறா?

இல்லை. கோட் ப்ளூ நேரத்தில், அதாவது நோயாளியின் இதயம் நின்றுபோன அவசரத்தில், வாக்கெடுப்பு நடத்த முடியாது. மார்பழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை போக வேண்டும். அழுத்துபவர் களைத்துவிடுவார் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு டோஸ். இதையெல்லாம் ஒரே குரல் சொல்ல வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். “அட்ரினலின் 1 மி.கி. போடுங்க” என்றால், போட்டவர் “அட்ரினலின் 1 மி.கி. போட்டாச்சு” என்று சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு காது கேளாமல் விட்டதை இன்னொரு வாய் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நோயாளி பிழைத்தாலும் போனாலும், அரை மணி நேரம் கழித்து எல்லோரையும் உட்காரவைத்து “என்ன சரியாப் போச்சு, எங்க தடுமாறினோம்?” என்று கேட்கும்போது அந்தக் கட்டளைக் குரல் இருக்கக் கூடாது. அப்போது ஆயா சொல்வதையும் கேட்க வேண்டும். அவசர மருந்துகளும் கருவிகளும் வைத்திருக்கும் கிராஷ் கார்ட்டின் சக்கரம் கதவருகே மாட்டிக்கொண்டதை அவர்தான் பார்த்திருப்பார். ஒரே ஆள் ஒரே ஷிஃப்டில் இரண்டு பாணிக்கும் மாறத் தெரிந்திருக்க வேண்டும்.

தலையிடாப் பாணி?

பல வருட அனுபவமுள்ள, ஒருவரையொருவர் நன்றாக அறிந்த டயாலிசிஸ் அல்லது ஆபரேஷன் தியேட்டர் குழுவில் அது நம்பிக்கையின் அடையாளம். புதியவர்கள் நிறைந்த பொது வார்டில் அது கைவிடுவதற்குச் சமம். “நான் யாரையும் தொந்தரவு பண்றதில்ல” என்று பெருமையாகச் சொல்லும் இன்சார்ஜ்களின் ஜூனியர்களிடம் பேசிப் பாருங்கள், எத்தனை பேர் பாத்ரூமில் நின்று அழுதிருக்கிறார்கள் என்று தெரியும்.

தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாகிறார்களா?

தலைவர்கள் பிறவியிலேயே தலைவர்கள் என்று சொல்லும் மாமனிதர் கோட்பாட்டைப் படிப்பீர்கள். தாமஸ் கார்லைல் 1840ல் ஆற்றிய சொற்பொழிவுகளோடு அதை இணைத்துச் சொல்வார்கள். அதற்குப் பின் வந்த பண்புக் கோட்பாடு, தலைவருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று பட்டியல் போட்டது. 1948ல் ரால்ஃப் ஸ்டாக்டில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சில குணங்கள் இருப்பதாலேயே ஒருவர் தலைவராகிவிடுவதில்லை, அவர் நிற்கும் சூழ்நிலையும் சேர வேண்டும் என்று சொன்னார். அதோடு ஆய்வுகள் நடத்தையின் பக்கமும் சூழ்நிலையின் பக்கமும் திரும்பின.

நைட்டிங்கேலையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் விளக்கோடு இரவில் நடக்கும் தேவதையாகத்தான் அவரை நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 1854 நவம்பரில் 38 பெண்களோடு கிரிமியப் போருக்காக அவர் துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டர்கள் இவர்களை விரும்பவில்லை. கண்ணெதிரே காயம்பட்டவர்கள் கிடந்தும், டாக்டர்கள் கேட்கும்வரை தன் நர்ஸுகள் யாரும் வார்டில் கை வைக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தார். கூட வந்தவர்களுக்கே அது கொடுமையாகத்தான் பட்டிருக்கும். கூட்டம் கூட்டமாகக் காயம்பட்டவர்கள் வந்து இறங்கியதும் டாக்டர்களே கேட்டார்கள்.

அங்கே இறப்பு வேகமாகக் குறைந்தது 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து சாக்கடைகளையும் தண்ணீரையும் சரிசெய்த பிறகுதான். ஊர் திரும்பிய நைட்டிங்கேல் அந்த எண்களை வைத்துக்கொண்டு, காயத்தால் செத்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் செத்தவர்களே அதிகம் என்று 1858ல் வண்ண வரைபடமாகவே போட்டுக் காட்டினார். பிறகு பல வருடங்கள் நோயோடு வீட்டுக்குள்ளேயே இருந்தபடி, கடிதங்களாலும் அறிக்கைகளாலும் ராணுவ மருத்துவத்தையும் நர்சிங் படிப்பையும் மாற்றினார். எண்ணிக்கை எடுப்பது, எழுதுவது, காத்திருப்பது, விடாமல் கேட்பது. இவற்றில் எது பிறவிக் குணம்? எல்லாமே பழகிக்கொள்ளக் கூடியவை.

சூழ்நிலைத் தலைமையை எளிமையாகச் சொல்ல முடியுமா?

பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் 1969ல் முன்வைத்தது இது. எதிரில் இருப்பவர் அந்த வேலையில் எவ்வளவு தேர்ச்சி உள்ளவர், எவ்வளவு மனத்துணிவோடு இருக்கிறார் என்று பார்த்து நீங்கள் மாற வேண்டும். புதியவருக்குச் சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் பழகியவருக்குக் காரணத்தையும் விளக்குங்கள். தெரிந்தும் தயங்குபவரோடு கூட நில்லுங்கள். தேர்ந்தவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இதை நர்சிங் கோட்பாட்டாளர் பட்ரீஷியா பென்னரோடு சேர்த்துப் படித்தால்தான் நர்சிங்கில் முழுமையாகும். 1984ல் வந்த தன் நூலில் அவர் ஒரு நர்ஸ் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்வதை விவரித்தார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, நிபுணராக இருப்பவரும் தனக்குப் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் மறுபடி புதியவர்தான் என்று அவர் சொன்னது. சர்ஜிகல் வார்டில் 15 வருடம் வேலை பார்த்த ஓர் அக்காவைப் பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்கு மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். 900 கிராம் குழந்தைக்கு மருந்தளவு போடும்போது அவர் கை நடுங்கும். “இவ்வளவு சீனியர், இதுகூடத் தெரியாதா?” என்று கேட்டால் அவர் அதற்கப்புறம் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார், தெரியாததை ஊகித்துச் செய்வார். அந்தப் பிரிவில் அவர் ஃப்ரெஷர் என்பதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, வயதில் சின்ன ஒருவரையே அவருக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள். “அக்கா, இதை நாம ரெண்டு பேருமா செக் பண்ணிடலாம்” என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஃப்ரெட் ஃபீட்லரின் தற்செயல் (கன்டின்ஜென்சி) கோட்பாடும் இதே குடும்பம்தான், ஆனால் அவர் நேர் எதிராகச் சொல்கிறார்: ஒருவரின் பாணி எளிதில் மாறாது, அவருக்குப் பொருந்தும் இடத்தில் அவரை வையுங்கள் என்று. தேர்வில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

பரிமாற்றத் தலைமை, மாற்றத் தலைமை – எது நல்லது?

வேலை செய்தால் பாராட்டோ சலுகையோ, தவறினால் மெமோ. இது பரிமாற்றத் தலைமை. ஜேம்ஸ் மேக்கிரகர் பர்ன்ஸ் 1978ல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார், 1985ல் பெர்னார்ட் பாஸ் விரித்தார். மாற்றத் தலைமைக்குப் பாஸ் வழியில் நாலு அம்சங்கள் சொல்லப்படுகின்றன: தானே முன்மாதிரியாக இருப்பது, நோக்கத்தைக் காட்டி உற்சாகப்படுத்துவது, சிந்திக்கத் தூண்டுவது, ஒவ்வொருவர் மீதும் தனி அக்கறை காட்டுவது.

அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த நேரத்தில், சில மருத்துவமனைகளை விட்டு மட்டும் நர்ஸுகள் போகாமல் இருந்தது ஏன் என்று ஆராய்ந்தார்கள். 1983ல் வந்த அந்த ஆய்வு 41 மருத்துவமனைகளைக் காந்தம் போல ஈர்ப்பவை என்று அடையாளம் கண்டது. அங்கெல்லாம் நர்சிங் தலைவர்கள் எளிதில் அணுகக்கூடியவர்களாக இருந்தார்கள், முடிவெடுப்பதில் நர்ஸுகளுக்குப் பங்கு இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நர்சிங் சிறப்பாக உள்ள மருத்துவமனைகளுக்குத் தரும் மேக்னெட் (காந்தம்) அங்கீகாரம். அதன் தற்போதைய அமைப்பில் முதல் கூறே மாற்றத் தலைமைதான்.

சரி, எது நல்லது? கை கழுவும் கணக்கெடுப்பு, போதை மருந்துகளின் கணக்கு, டியூட்டிக்கு நேரத்துக்கு வருவது போன்றவற்றுக்குப் பரிமாற்றம் போதும், அதுதான் வேண்டும். ஆனால் படுக்கைப் புண்ணே வராத வார்டாக நம் வார்டை ஆக்க வேண்டும் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது யாரும் பார்க்காதபோதும் நடக்க வேண்டும். மெமோவுக்கு பயந்து திருப்புபவர் சார்ட்டில் மட்டும் திருப்பிவிடுவார். அந்த நோயாளியின் முதுகைப் பற்றிக் கவலைப்படுபவர்தான் நிஜமாகத் திருப்புவார். அந்தக் கவலையை உண்டாக்குவது மாற்றத் தலைமையின் வேலை.

சேவைத் தலைமை என்பதும் இதுதானா?

கிட்டத்தட்ட. ராபர்ட் கிரீன்லீஃப் 1970ல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. தலைவர் முதலில் தொண்டர், தன் ஆட்கள் வளர்கிறார்களா என்பதே அவருடைய கேள்வி. கூட்டம் நெரியும் ஷிஃப்டில் இன்சார்ஜே பெட்பேன் எடுப்பது இதில் சேரும். ஆனால் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கும் எதையும் கற்றுத்தராமல் இருப்பது சேவைத் தலைமை ஆகாது. எத்தனையோ நல்ல சிஸ்டர்கள் இப்படித்தான் முதுகுவலியோடு ஓய்வு பெற்றார்கள்.

வார்டில் மருந்துத் தவறு நடந்தால் தலைவர் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வேலையில் சேர்ந்து எனக்கு நாலாவது மாதம். அந்த வார்டில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடக்கும். சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் குப்பிக்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் குப்பிக்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். ஒரு நாள் காலை நான் அதைத்தான் செய்தேன். சிரிஞ்சைக் குப்பையில் போடும்போதுதான் மூடியின் நிறம் கண்ணில் பட்டது.

எங்கள் இன்சார்ஜ் நோயாளிகள், அட்டெண்டர்கள் முன்னிலையில்தான் திட்டுவார். முந்தின வாரம்தான் ஒரு பெண்ணை அப்படி அழவைத்திருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் பத்து நிமிடம் நின்றேன். நோயாளிக்கு டிபன் சீக்கிரம் வரவைத்தேன், என் கண்ணை அவர் மேலிருந்து எடுக்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிறகு தாங்க முடியாமல் டியூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஹேண்ட்ஓவரில் எல்லோர் முன்னாலும் அர்ச்சனையும், மாலையில் மெமோவும் கிடைத்தது. டிரே அப்படியே இருந்தது. மூன்று வாரத்தில் இன்னொரு பெண் அதே தவறைச் செய்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வருடக்கணக்காகியும் அவள் அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

பிற்பாடு ஏமி எட்மண்ட்சனின் ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் ஞாபகம் வந்தது. 1990களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, இரண்டு மருத்துவமனைகளில் எட்டு நர்சிங் பிரிவுகளை அவர் ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இயங்கும் பிரிவுகளில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! நல்ல குழு கூடுதலாகத் தவறு செய்யுமா என்று யோசித்தவருக்கு வேறொரு விளக்கம் தோன்றியது. அங்கே தவறுகளை மறைக்காமல் சொல்கிறார்களோ? இந்த எண்கள் எதுவும் தெரியாத ஒருவரை அந்தப் பிரிவுகளுக்கு அனுப்பிக் கவனிக்கச் சொன்னார். தவறைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்த பிரிவுகளும், அதிகப் பதிவுகள் இருந்த பிரிவுகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1996ல் இந்த ஆய்வு வெளிவந்தது. பேசப் பயமில்லாத அந்த நிலையைத்தான் உளவியல் பாதுகாப்பு என்கிறார்கள்.

பூஜ்ஜியம் தவறு என்று மாதாமாதம் ரிப்போர்ட் வரும் வார்டைக் கண்டால் அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நான் இன்சார்ஜ் ஆன பிறகு ஒரு வரிசையைப் பழகிக்கொண்டேன். முதலில் நோயாளி: இப்போது எப்படி இருக்கிறார், என்ன செய்ய வேண்டும், டாக்டருக்கும் குடும்பத்துக்கும் சொல்லியாயிற்றா? அடுத்து, சொன்ன பெண்ணிடம் தனியறையில்: “நீ வந்து சொன்னது நல்லது. என்ன நடந்தது?” மூன்றாவது, டிரே: இதே தவறு நாளைக்கு இன்னொருவர் கையிலும் நடக்க எது வழி விடுகிறது? தண்டனை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். கை தவறியது, குறுக்குவழி பழகிப்போனது, ஆபத்து தெரிந்தே அலட்சியம் செய்தது மூன்றையும் ஒன்றாக எடைபோடக் கூடாது. முதலாமவருக்கு ஆறுதல், இரண்டாமவருக்குப் பயிற்சி, மூன்றாமவருக்கு நடவடிக்கை.

டாக்டர் தவறு செய்வது போலத் தெரிந்தால் ஒரு நர்ஸ் எப்படிப் பேசுவது?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001ல் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற ஐ.சி.யூ. மருத்துவர், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கதீட்டர் குழாய்) போடுவதற்கு ஐந்து படி கொண்ட சிறிய செக்லிஸ்ட் ஒன்றைத் தயாரித்தார். கை கழுவுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது என எல்லோருக்கும் தெரிந்தவைதான். புதிதாக இருந்தது ஒன்றுதான்: டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நர்ஸ் அவரை நிறுத்தலாம், நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இதைக் கொண்டுவந்தபோது, 1000 கதீட்டர் நாளுக்கு (நோயாளிகளின் உடம்பில் குழாய் இருந்த நாட்களின் கூட்டல்) 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. 2006ல் வெளியான முடிவு இது. காகிதத்துக்கு அந்தச் சக்தி வந்தது, அதைக் கையில் பிடித்திருந்த நர்ஸுக்குப் பின்னால் நிர்வாகம் நின்றதால்.

நம் ஊரில் அந்த ஆதரவு எப்போதும் கிடைக்காது, உண்மைதான். ஆனால் பேசும் முறையாவது நம் கையில் இருக்கிறது. எஸ்பார் (SBAR) என்று படித்திருப்பீர்கள்: நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் பயன்பட்ட முறை, பிறகு மருத்துவமனைக்கு வந்தது. ராத்திரி போனில் “சார், பேஷண்ட் சரியில்ல சார்” என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், சர்ஜிகல் வார்டு. பெட் 12க்கு பி.பி. 84/50, பல்ஸ் 128. நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர், இரண்டு மணி நேரத்துல யூரின் 20 மி.லி.தான், டிரெயின்ல 300 மி.லி. ரத்தம். உள்ளே பிளீடிங் இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கட்டும்?” முப்பது விநாடிகூட ஆகாது. “நினைக்கிறேன்” என்று சொல்ல நம்மில் பலருக்குப் பயம். சொல்லுங்கள். பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் நீங்கள்தான்.

ஆளே இல்லாத வார்டில் தலைமைப் பாணி பற்றிப் பேசுவது நியாயமா?

நியாயமான கோபம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நீங்கள் பார்ப்பது எத்தனை பேரை என்று உங்களுக்கே தெரியும். லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002ல் வெளியிட்ட முடிவு: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. எந்தத் தலைமைப் பாணியும் இந்தக் கணக்கை அழித்துவிடாது. ஆள் பற்றாக்குறையை “டீம் ஸ்பிரிட்” என்ற சொல்லால் மூடச் சொல்லும் நிர்வாகத்துக்குத் துணை போகாதீர்கள்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்ததை எல்லா நர்சிங் தலைவர்களும் படிக்க வேண்டும். செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். 2005 முதல் 2009 வரை நோயாளிகள் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். அவசரப் பிரிவில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் திரும்பத் திரும்பப் புகார் பதிந்தார், அதற்காகக் கூட வேலை செய்தவர்களாலேயே மிரட்டப்பட்டார். ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013ல் 290 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அங்கே பண நெருக்கடியும் ஆள் குறைவும் மட்டும் இல்லை, சொல்பவர் வாயை அடைக்கும் தலைமையும் இருந்தது.

ஆகவே ஆள் குறைவான ஷிஃப்டில் இன்சார்ஜின் முதல் வேலை அதை எழுத்தில் பதிவது: தேதி, ஷிஃப்ட், நோயாளி எண்ணிக்கை, நர்ஸ் எண்ணிக்கை, செய்ய முடியாமல் போனவை. நைட்டிங்கேல் ஜெயித்ததும் எண்களால்தான். இரண்டாவது, இன்றைக்கு எதை விட்டாலும் பரவாயில்லை, எதை விடவே கூடாது என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே சொல்லிவிடுவது. சொல்லாவிட்டால் ஒவ்வொரு பெண்ணும் தனியாக முடிவு செய்து, தனியாகக் குற்றவுணர்ச்சியோடு வீட்டுக்குப் போவாள்.

நேற்றுவரை கூடச் சாப்பிட்டவர்களுக்கு இன்று இன்சார்ஜ் ஆகிவிட்டேன். எப்படிச் சமாளிப்பது?

வயதில் மூத்த அக்காக்களை அக்கா என்றே கூப்பிடுங்கள், அதனால் அதிகாரம் குறையாது. முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். நெருங்கிய தோழியிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள்: “ரோஸ்டர்ல உனக்குன்னு தனியா எதுவும் பண்ண மாட்டேன், தப்பா நினைக்காதே.” இதை முதல் நாளே சொல்லாமல் விட்டு, பிறகு நட்பையும் வார்டையும் சேர்த்து இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரோஸ்டர் போடுவதில் இவ்வளவு சண்டை ஏன்?

ஏனென்றால் தலைமை எல்லோர் கண்ணிலும் படும் காகிதம் அது ஒன்றுதான். யாருக்கு எத்தனை நைட், யாருக்குப் பொங்கல் அன்று ஆஃப், யாருக்கு எப்போதும் ஞாயிறு லீவு என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாத நைட், பண்டிகை டூட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். விருப்பங்களை ரோஸ்டர் போடும் முன் வாங்குங்கள். கைக்குழந்தைக்காரிக்குச் சலுகை தருகிறீர்கள் என்றால் ஏன், எத்தனை மாதம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். திருமணம் ஆகாத பெண்களின் தலையில் எல்லா நைட்டையும் கட்டும் பழக்கம் நம் வார்டுகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. அவர்களுக்கும் அப்பா அம்மா, உடம்பு, உறக்கம் எல்லாம் உண்டு.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான விளக்கம், சரியான மேற்பார்வை என்று ஐந்தைப் படிப்போம். நடைமுறையில் தவறிப்போவது நாலாவதுதான். “அந்தப் பெட்டைக் கொஞ்சம் பார்த்துக்க” என்பது விளக்கம் இல்லை. “பெட் 4, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை யூரின் அளந்து எழுது, 30 மி.லி.க்குக் குறைஞ்சா உடனே என்கிட்ட சொல்லு” என்பதுதான் விளக்கம்.

தேர்வில் இதை எப்படி எழுதுவது?

கோட்பாடு, சொன்னவர், வருடம், முக்கியக் கருத்து, வார்டிலிருந்து ஓர் உதாரணம், குறைபாடு. இந்த வரிசையில் எழுதுங்கள். உதாரணத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், நீங்கள் கிளினிக்கல் போஸ்டிங்கில் பார்த்ததை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

நான் நல்ல இன்சார்ஜா என்று எனக்கே எப்படித் தெரியும்?

மூன்று நாள் லீவு போடுங்கள். போனில் யாரையும் விசாரிக்காதீர்கள். திரும்பி வந்ததும் கிராஷ் கார்ட் ரிஜிஸ்டரைத் திறந்து, மூன்று நாளும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சரிபார்த்த கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார்ட்டையே திறந்து, கையெழுத்தும் உள்ளே இருப்பதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளி ஒருவரின் முதுகைப் பாருங்கள். கடைசியாக, வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் போய், நீங்கள் இல்லாதபோது ஏதாவது தவறிப்போனதா என்று கேளுங்கள். அவள் யோசிக்காமல் “ஆமா சிஸ்டர், ஒண்ணு ஆச்சு” என்று தொடங்கினால், உட்கார்ந்து முழுவதையும் கேளுங்கள்.